கேஸ் கீசர் மாற்றப் போகிறீர்களா? குழாய்க் கணக்கைக் கம்ப்யூட்டரில் போடுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் படம் பார்ப்பார்கள், பாட்டுக் கேட்பார்கள், பையனின் பிராஜெக்டை பிரிண்ட் எடுப்பார்கள். இரண்டாவது மாதத்தில் வீட்டில் ஒருவர் கேட்பார்: "இவ்வளவு பணம் போட்டு வாங்கினோமே, வீட்டுக்கு இதனால என்ன பிரயோஜனம்?" அந்தக் கேள்விக்கு ஒரு பதிலாக இந்தக் கட்டுரையை வைத்துக்கொள்ளுங்கள். இதற்குத் தேவை ஒரு ஸ்பிரெட்ஷீட் மென்பொருள் மட்டுமே. எக்ஸெல் இருந்தால் அது போதும். இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் என்ற இலவசத் தொகுப்பை நிறுவி, அதிலுள்ள கால்க்கைப் பயன்படுத்தலாம். நான் கால்க்கில்தான் செய்தேன்.

நமக்கு பாய்லர் என்றாலே நடுவில் கரி போடும் குழல் வைத்த செப்பு பாய்லர்தான் நினைவுக்கு வரும். அது இப்போது பல வீடுகளில் பரணில் இருக்கிறது. அதன் இடத்துக்கு வந்தவற்றில் ஒன்று கேஸ் கீசர். குழாயைத் திறந்ததும் தானாகப் பற்றிக்கொண்டு, ஓடும் தண்ணீரை ஓடும்போதே சூடாக்கும் பெட்டி. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் போர் தண்ணீரில் உப்பு அதிகமுள்ள வீடுகளில் இந்தப் பெட்டிக்குள் இருக்கும் செப்புச் சுருளில் சுண்ணாம்பு படிந்து, சில வருடங்களில் ஒழுக ஆரம்பிக்கும். அப்போது புதிதாக ஒன்று வாங்குவோம். பழையது 6 லிட்டர் என்றால் "10 லிட்டரா எடுத்துக்கோங்க சார், சீக்கிரம் சூடாகும்" என்பார் கடைக்காரர்.

சேலையூரில் என் அத்தை வீட்டில் சென்ற ஜனவரியில் இதுதான் நடந்தது. சிலிண்டர் வீட்டின் பக்கவாட்டில் இருக்கிறது. அங்கிருந்து மெல்லிய செம்புக் குழாய் ஒன்று 6 மீட்டர் ஓடி, சமையலறை அருகே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை அடுப்புக்கு, மற்றது வெளிச்சுவரில் மாட்டியிருந்த கீசருக்கு. குழாயின் உள்விட்டம் 8 மில்லிமீட்டர். புதுக் கீசரை மாட்ட வந்தவர் இரண்டு யோசனை சொன்னார். ஒன்று, இதே குழாய் போதும். இரண்டு, கீசரைக் குளியலறைக்குள்ளேயே மாட்டிவிடலாம், மீதித் தூரத்துக்கு ரப்பர் டியூப் போட்டுக்கொள்ளலாம்.

"நீதான் இன்ஜினியராச்சே, சொல்லுடா" என்றார் அத்தை. நான் துரைப்பாக்கத்தில் சாஃப்ட்வேர் எழுதுகிறவன். ஆனால் இந்தக் கணக்கு இன்ஜினியரிங் கல்லூரியில் எல்லோருக்கும் நடத்தியதுதான்.

மில்லிபார் என்றால் என்ன?

சிலிண்டர் ரெகுலேட்டரிலிருந்து வரும் வாயுவின் அழுத்தம் சுமார் 30 மில்லிபார். ஒரு மில்லிபார் என்பது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம். ஆக, மொத்தமே பள்ளிக்கூட ஒரு அடி ஸ்கேல் உயரத் தண்ணீர்தான்! அடுப்பு, கீசர் எல்லாம் இந்த அழுத்தத்தை நம்பித்தான் வடிவமைக்கப்படுகின்றன. பர்னருக்கு முன்னால் உள்ள ஊசித் துளை, அதாவது ஜெட், வழியே வாயு வேகமாகப் பாயும்போதுதான் பக்கத்திலுள்ள காற்றையும் இழுத்துக் கலக்கிறது. அழுத்தம் குறைந்தால் தீ சின்னதாவதோடு நிற்காது, கலவையும் கெடும்.

குழாயில் வாயு ஓடும்போது உராய்வினால் அழுத்தம் கொஞ்சம் செலவாகும். எவ்வளவு செலவாகும் என்பதுதான் நம் கணக்கு. இதில் ஒன்றைக் கவனியுங்கள். எதுவும் எரியாதபோது வாயு ஓடுவதில்லை. எனவே இழப்பும் இல்லை. அப்போது எந்தக் குழாயும் நல்ல குழாயாகவே தெரியும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எரியவிட்டுப் பார்க்கும்போதுதான் குழாயின் வண்டவாளம் தெரியும்.

ஷீட்டைத் தயார் செய்வோம்

புதிய ஷீட்டைத் திறந்துகொள்ளுங்கள். ஏ என்ற நெடுவரிசையில் விவரங்களைத் தமிழிலேயே டைப் செய்யலாம். பி நெடுவரிசையில் எண்கள். நான் பி1 என்று எழுதும் இடத்தில் நீங்கள் கீபோர்டில் அதற்கான ஆங்கில எழுத்தை டைப் செய்ய வேண்டும். இன்னும் சுலபம், ஃபார்முலாவில் அந்த இடம் வரும்போது மௌஸால் அந்தச் செல்லைக் கிளிக் செய்துவிடுவது. பெயர் தானாக விழும்.

முதல் ஐந்து செல்கள் நாம் கொடுக்கும் விவரங்கள்:

பி1 கீசரின் அளவு, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்: 10
பி2 தண்ணீர் எத்தனை டிகிரி சூடேற வேண்டும்: 25
பி3 அடுப்பின் சக்தி, கிலோவாட்டில்: 4
பி4 குழாயின் நீளம், மீட்டரில்: 6
பி5 குழாயின் உள்விட்டம், மில்லிமீட்டரில்: 8

இரண்டு பர்னர் அடுப்பு முழுத் தீயில் எரிந்தால் தோராயமாக 4 கிலோவாட். ஆறாவது வரியைக் காலியாக விட்டு, ஏழாவதிலிருந்து ஃபார்முலாக்கள். ஒவ்வொன்றையும் சமக்குறியில் தொடங்க மறக்காதீர்கள். சமக்குறி இல்லாவிட்டால் கால்க் அதை வெறும் எழுத்து என்று எடுத்துக்கொள்ளும்.

பி7-இல்: =பி1*பி2*4.186/60/0.85

இது கீசர் தின்னும் சக்தி. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.186 கிலோஜூல் வேண்டும். நிமிடத்தை நொடியாக்க 60-ஆல் வகுக்கிறோம். எரியும் வெப்பத்தில் 85 சதவீதம்தான் தண்ணீருக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டு 0.85-ஆல் வகுக்கிறோம். என்டர் தட்டியதும் 20.5 என்று வரும். அதாவது 20.5 கிலோவாட். அடுப்பைப் போல ஐந்து மடங்கு! ஒரு டன் ஏசி எடுக்கும் மின்சாரம் ஒரு கிலோவாட்டை ஒட்டித்தான். இந்தச் சின்னப் பெட்டி என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள்.

பி8-இல்: =(பி7+பி3)*3.6/46

மணிக்கு எத்தனை கிலோ கேஸ் எரிகிறது என்பது. ஒரு கிலோ எல்.பி.ஜி. சுமார் 46 மெகாஜூல் வெப்பம் தரும். விடை 1.92 கிலோ.

பி9-இல்: =பி8/2.2

அதையே கன மீட்டராக்கினோம். எல்.பி.ஜி. ஆவி ஒரு கன மீட்டர் சுமார் 2.2 கிலோ எடை. காற்று 1.2 கிலோதான். எனவே எல்.பி.ஜி. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். இதை நினைவில் வையுங்கள்.

பி10-இல்: =பி9*353.7/(பி5*பி5)

குழாய்க்குள் வாயுவின் வேகம், நொடிக்கு இத்தனை மீட்டர் என்று. 353.7 என்பது வட்டத்தின் பரப்பு, மணியிலிருந்து நொடி, மில்லிமீட்டரிலிருந்து மீட்டர் எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருக்கிய எண். அடைப்புக்குறியை விட்டுவிட்டால் விடை தாறுமாறாகும்.

பி11-இல்: =0.44*பி4*பி10*பி10/பி5

இதுதான் நமக்கு வேண்டிய அழுத்த இழப்பு, மில்லிபாரில். உராய்வு எண்ணை 0.04 என்று சற்றுத் தாராளமாகவே எடுத்திருக்கிறேன், குழாயில் வரும் வளைவுகளையும் சேர்த்து. 0.44-க்குள் அதுவும் வாயுவின் அடர்த்தியும் அடங்கியிருக்கின்றன.

என்டர் தட்டுங்கள். 7.7 என்று வருகிறதா? 30 மில்லிபாரில் 7.7 குழாயிலேயே போய்விட்டது. கால் பங்கு!

உண்மையில் அழுத்தம் குறைந்ததும் பர்னர் இழுக்கும் வாயுவும் கொஞ்சம் குறையும், ஆகவே இழப்பும் இதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். அதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. காசு கொடுத்து வாங்கிய 10 லிட்டர் கீசர் 10 லிட்டர் தரப் போவதில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

எண்ணை மாற்றி விளையாடுங்கள்

ஸ்பிரெட்ஷீட்டின் அருமை இங்கேதான். பி1-இல் 10-ஐ அழித்து 0 என்று டைப் செய்யுங்கள், அதாவது கீசரே இல்லை, அடுப்பு மட்டும். இழப்பு 0.2 மில்லிபார். அந்தக் குழாய் அடுப்புக்கு அருமையான குழாய். இப்போது 6 என்று போடுங்கள். 3.4 ஆகிவிடும். "கீசர் போட்டா அடுப்புத் தீ சுருங்குதுடா" என்று அத்தை பல வருடங்களாகச் சொல்லிவந்த புகாருக்கு விளக்கம் அந்தச் செல்லில் கிடைத்தது. உங்கள் வீட்டிலும் இந்தச் சோதனையைச் செய்யலாம். அடுப்பை முழுத் தீயில் வைத்துவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறக்கச் சொல்லுங்கள். தீ கண்ணுக்குத் தெரியும்படி தாழ்ந்தால் குழாயிலோ ரெகுலேட்டரிலோ பற்றாக்குறை இருக்கிறது.

மறுபடியும் பி1-இல் 10 போட்டு, பி5-இல் 8-க்குப் பதில் 12 போடுங்கள். இழப்பு 7.7-லிருந்து 1-க்கு இறங்கிவிடும். விட்டம் ஒன்றரை மடங்குதான் கூடியது, இழப்போ ஏழில் ஒரு பங்குக்கும் கீழே! விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்குத் தலைகீழாக இழப்பு மாறுவதால் இப்படி. நீளத்தைப் பாதியாக்கினால் இழப்பு பாதியாகும். வாயு ஓட்டத்தை இரண்டு மடங்காக்கினால் நான்கு மடங்காகும். குழாய் விஷயத்தில் விட்டம்தான் ராஜா.

எந்த விட்டம் வேண்டும் என்று ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்க்கவும் வேண்டாம். பி5-இல் மறுபடி 8 போட்டுவிட்டு, டூல்ஸ் மெனுவில் கோல் சீக் என்ற கட்டளையைத் தேர்ந்தெடுங்கள். தோன்றும் டயலாக் பாக்ஸில் ஃபார்முலா செல் என்ற இடத்தில் பி11, இலக்கு மதிப்பில் 1, மாற வேண்டிய செல்லில் பி5 என்று கொடுத்து ஓகே செய்யுங்கள். 12-ஐ ஒட்டிய ஒரு எண்ணைக் காட்டி, செல்லில் போடட்டுமா என்று கேட்கும். எக்ஸெல்லில் இது டேட்டா மெனுவில் வாட் இஃப் அனாலிசிஸ் என்பதற்குள் இருக்கும்.

ஏன் 1 மில்லிபார்? அது நான் இங்கிலாந்திலிருந்து கடன் வாங்கிய அளவுகோல். அங்கே வீடுகளில் இயற்கை எரிவாயு வரும் அழுத்தம் 21 மில்லிபார். மீட்டரிலிருந்து பாய்லர் வரை 1 மில்லிபாருக்கு மேல் இழக்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். தொட்டியில் மெதுவாகச் சூடாக்கும் பழைய பாய்லரைக் கழற்றிவிட்டு, நம் கீசரைப் போல உடனுக்குடன் சூடாக்கும் காம்பி பாய்லர் மாட்டும்போது, பழைய 15 மில்லிமீட்டர் குழாய் போதாமல் 22 மில்லிமீட்டர் குழாய் புதிதாக இழுக்க வேண்டிவருவது அங்கே சகஜம். பாய்லரின் விலையைக் கேட்டு வந்தவர்கள் குழாயின் விலையைக் கேட்டு மலைப்பது அங்கேயும் உண்டாம்.

நமக்கு 10 லிட்டர் தேவையா?

கீசர் அட்டையில் 6 லிட்டர் என்று போட்டிருப்பது பெரும்பாலும் தண்ணீரை 25 டிகிரி சூடேற்றும் கணக்கில். ஊட்டிக்காரருக்கு அது சரி. சேலையூரில் ஜனவரி மாதம் காலை ஆறு மணிக்கு மேல்தொட்டித் தண்ணீரில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், 24 டிகிரி. குளிக்க 40 டிகிரி தாராளம். வேண்டியது 16 டிகிரி ஏற்றம்தான். 6-ஐ 25-ஆல் பெருக்கி 16-ஆல் வகுத்தால் 9.4. அதாவது 6 லிட்டர் கீசரே நம் ஊரில் நிமிடத்துக்கு 9 லிட்டருக்கு மேல் குளிக்கிற சூட்டில் தண்ணீர் தரும். ஒரு வாளி இரண்டே நிமிடத்தில் நிரம்பும். பத்து லிட்டர் எதற்கு? அத்தை வாங்கியதைத் திருப்பிக் கொடுத்து 6 லிட்டரே எடுத்தார். மாமாவுக்குத்தான் கொஞ்சம் வருத்தம், பெரிய பெட்டி போய்விட்டதே என்று.

குழாயையும் மாற்றினோம். கேஸ் ஏஜென்சியின் மெக்கானிக் வந்து 15 மில்லிமீட்டர் செம்புக் குழாய் இழுத்தார். அதன் உள்விட்டம் 13.6. இழப்பு 0.24 மில்லிபார். அடுப்புத் தீ இப்போது அசைவதில்லை.

இன்னொன்றும் உண்டு. குழாய் பெரிதானால் எல்லாம் சரியாகிவிடாது. சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியாகச் சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை இழுக்க வேண்டும். மணிக்கு இரண்டு கிலோ என்று ஒரே வீட்டுச் சிலிண்டரிலிருந்து இழுத்தால் சிலிண்டர் குளிர்ந்து வெளியே வியர்க்கும், அழுத்தம் இறங்கும். ரெகுலேட்டருக்கும் ஓர் உச்ச அளவு உண்டு. இதை ஏஜென்சியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஷீட்டில் வராத விஷயம்

இழப்புக் கணக்கை எவ்வளவு துல்லியமாகப் போட்டாலும், வந்தவர் சொன்ன இரண்டாவது யோசனை ஆளைக் கொல்லக் கூடியது. அதற்கும் ஒரு கணக்குப் போட்டேன். ஒரு கன மீட்டர் எல்.பி.ஜி. எரிய சுமார் 27 கன மீட்டர் காற்று வேண்டும். 10 லிட்டர் கீசர் மட்டும் மணிக்கு 0.73 கன மீட்டர் கேஸ் எரிக்கிறது, ஆக 20 கன மீட்டர் காற்று. ஐந்தடிக்கு ஏழடி, ஒன்பதடி உயரமுள்ள குளியலறையில் மொத்தம் இருப்பதே 9 கன மீட்டர்! ஜன்னலை அடைத்துக் குளித்தால் அரை மணிக்குள் அறையிலுள்ள காற்று முழுவதும் அந்தத் தீக்கு வேண்டியிருக்கும். 6 லிட்டர் என்றால் முக்கால் மணி. ஆனால் அவ்வளவு நேரம் ஆகாது. ஆக்சிஜன் கொஞ்சம் குறைந்ததுமே தீ அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடைக் கக்கத் தொடங்கும். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தலைவலி, மயக்கம், பிறகு விழுவது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருப்பார்கள். இப்படிச் சாவுகள் நம் நாட்டில் மறுபடி மறுபடி நடந்திருக்கின்றன.

எனவே கீசர் வெளிச்சுவரில், மழை படாத, காற்று ஓடும் இடத்தில் இருக்கட்டும். உள்ளே வருவது தண்ணீர்க் குழாய் மட்டும். பழைய கீசர் இப்போது குளியலறைக்குள் இருந்தால், புதியது வாங்கும்போது வெளியே கொண்டுவர அதுதான் நல்ல சமயம். வாடகை வீட்டில் வெளியே மாட்ட இடமில்லை என்கிறீர்களா? அப்படியானால் மின்சார கீசர் வாங்குங்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

ரப்பர் டியூப் விஷயமும் அப்படித்தான். கேஸ் கம்பெனிகள் சொல்வது: ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப் மட்டும், நீளம் ஒன்றரை மீட்டருக்கு மிகாமல், நடுவில் இணைப்பு இல்லாமல், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டியூபை வெட்டி நடுவில் டி ஜாயின்ட் சொருகுவது, சுவரைத் துளைத்து டியூபை அடுத்த அறைக்குக் கொண்டுபோவது எல்லாம் கூடாது. வேலை முடிந்ததும் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று உங்கள் கண் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். தீக்குச்சி வைத்துப் பார்ப்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

குழாயில் எரிவாயு வரும் வீடுகளுக்கு

எண்ணூரில் திரவ இயற்கை எரிவாயு முனையம் 2019-இல் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய வருடமே, சென்னைக்கும், தாம்பரம் அடங்கிய அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துக்கும் வீட்டுக் குழாய் எரிவாயு வழங்கும் உரிமங்கள் கொடுக்கப்பட்டன. உங்கள் அடுக்ககத்துக்கு இணைப்பு வந்துவிட்டதென்றால் அதே ஷீட்டில் மூன்று எண்களை மாற்றினால் போதும். பி8-இல் 46-க்குப் பதில் 48, பி9-இல் 2.2-க்குப் பதில் 0.73, பி11-இல் 0.44-க்குப் பதில் 0.146.

10 லிட்டர் கீசர், அடுப்பு, 13.6 உள்விட்டக் குழாய் 10 மீட்டர் என்று போட்டுப் பாருங்கள். இழப்பு 2.5 மில்லிபார். இங்கேயும் வீட்டுக்கு வரும் அழுத்தம் 21 மில்லிபார்தான். பி9 செல்லையும் பாருங்கள், மணிக்கு 2.5 கன மீட்டருக்குச் சற்று மேல். வீடுகளில் பரவலாக மாட்டும் ஜி1.6 மீட்டரின் உச்ச அளவே 2.5 கன மீட்டர். குழாய்க்கு முன்னால் மீட்டரே திணறும். இந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போய்க் கேட்டால் எரிவாயு நிறுவனத்து ஆள் உங்களிடம் கவனமாகவே பேசுவார்.

எல்.பி.ஜி. கீசரை அப்படியே இந்தக் குழாயில் மாட்டக் கூடாது. இரண்டு வாயுவுக்கும் ஜெட் வேறு. அதை மாற்றித் தர வேண்டியது அந்த நிறுவனத்தின் ஆள்தான், தெருமுனைக் கடைக்காரர் அல்ல. இயற்கை எரிவாயு காற்றைவிட லேசு, கசிந்தால் கூரையில் சேரும். ஆகவே காற்றுத் துளை மேலே வேண்டும், எல்.பி.ஜி.க்குத் தரையோரம்.

ஃபைலுக்கு நினைவிருக்கும்படி ஒரு பெயர் கொடுத்துச் சேமியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் அவரிடம் முதல் ஐந்து செல்களை மட்டும் மாற்றச் சொல்லிக் கொடுங்கள். ஏ நெடுவரிசையில் கடைசியாக ஒரு வரி சேர்த்து, எல்.பி.ஜி. கசிவுக்கான அவசர எண் 1906-ஐ டைப் செய்து வையுங்கள். அந்தப் பக்கத்தை ஒரு பிரிண்ட் எடுத்துச் சமையலறைக் கதவில் ஒட்டிவிடலாம்.